எடை குறைந்த, உடையாத வார்ப்பிரும்பு என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, அம்மாவின் வாணலியும் சேர்ந்து போய்விட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

சமையல் பாத்திரங்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். மூன்று உருப்படி கொண்ட வார்ப்பிரும்பு செட், பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி. சந்தேகம் கேட்டு போன் செய்தேன். எடுத்தவர் வாத்தியார் மாதிரி பொறுமையாகப் பேசினார். "வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் சார். அது கிராஃபைட் செதிலாக உள்ளே நிற்கும். அதனால்தான் கீழே விழுந்தால் வளையாமல் உடைகிறது. எங்களுடையது புது வார்ப்பு, எடையும் பாதி, உடையவும் உடையாது." முதல் பாதி சுத்தமான உண்மை. அதில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவரா ஏமாற்றப்போகிறார்?

பார்சல் பையன் புது செட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மாவின் ஒற்றை வாணலியை எடுக்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் வாணலி அடுப்பில் உட்காராமல் ஆடியது. அடி உப்பியிருந்தது. கறுப்புப் பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பளபளப்பு. ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. அலுமினியம்! வார்ப்பிரும்பு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிராம், அலுமினியம் 2.7. எடை குறைந்த ரகசியம் இதுதான். அலுமினியத்தைக் குறை சொல்லவில்லை, அதை அலுமினியம் என்று சொல்லி விற்கட்டும்.

கடைக்காரர்களிடம் புகார் சொன்னால், "எண்ணெய் தடவிப் பழக்கியிருக்க மாட்டீர்கள்" என்றார்கள். அப்புறம் "தீயை அதிகம் வைத்திருப்பீர்கள்" என்றார்கள். சுமார் 1,150 டிகிரிக்கு மேல்தான் உருகும் உலோகத்துக்கு வீட்டு அடுப்புத் தீ அதிகமாம்! கடைசியில் "ஏழு நாள் கெடு முடிந்தது." பொறுமைசாலியைக் கேட்டால் நான்கு முறையும் லீவு. சரி, என் பழைய வாணலியையாவது கொடுங்கள் என்றேன். "அது காயலான் இரும்போடு போயிருக்கும் சார்."

அம்மாவின் வாணலி வருடக்கணக்காக எண்ணெய் இறுகி உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். துரு பிடித்தால் தேய்த்து, மறுபடி பழக்கினால் பழையபடி ஆகிவிடும். அதைக் கொடுத்து, மேலே அரை மாதச் சம்பளமும் கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினாலும் தகடாக இருக்கலாம், தூக்கிப் பாருங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஏழு நாளுக்குள் நன்றாகச் சூடாக்கிப் பாருங்கள். பழையதை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

இப்போதுதான் மெசேஜ் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?"