எல் நினோவா, ஐஓடியா: பருவமழைக்கு எதைப் பார்ப்பது?

ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவமழைக் கணிப்பை வெளியிட்டதும் எல்லோரும் தேடுவது எல் நினோ என்ற சொல்லைத்தான். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறுவதற்கு அந்தப் பெயர். அது வந்தால் வறட்சி, வராவிட்டால் மழை என்று தலைப்புகள் தயாராகிவிடும். 1997இல் இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று உருவானது. ஆனால் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 102 சதவீதம் பெய்தது. 2002இல் வந்த எல் நினோவுக்கு அதில் ஏறக்குறைய பாதி பலம்தான். மழையோ 81 சதவீதத்தோடு நின்றுவிட்டது. ஜூலையில் வழக்கத்தில் பாதிதான் பெய்தது.

பசிபிக்கை மட்டும் பார்த்தால் இந்தப் புதிர் அவிழாது. 1997இல் நம் பக்கத்துக் கடல் மழைக்குச் சாதகமாக வேலை செய்தது. இந்தியப் பெருங்கடல் ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்ந்திருந்தது. இந்தியப் பெருங்கடல் இருமுனை (Indian Ocean Dipole) என்பது இதன் முழுப்பெயர். மழை ஆர்வலர்களுக்கு ஐஓடி. மேற்கு சூடானால் நேர்மறை, கிழக்கு சூடானால் எதிர்மறை. சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில்தான் இதற்குத் தனி அடையாளம் கிடைத்தது. எல் நினோ ஆராய்ச்சியோ அதைவிட மிகப் பழையது. இந்தியப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடிய கில்பர்ட் வாக்கர், 1904 முதல் இந்தியாவின் வானிலைத் துறைக்குத் தலைமை வகித்தவர். பசிபிக் தீவான டாஹிட்டிப் பக்கம் காற்றழுத்தம் இறங்கினால் ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் ஏறும் என்ற, எல் நினோவோடு இணைந்த ஊசலாட்டத்தைக் கண்டு சொன்னவர் அவர்தான்.

இரண்டிலும் காற்றும் கடலும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. பசிபிக்கில் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று சுடுநீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டம் ஈக்வடார் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். காற்று தளர்ந்தால் அந்தச் சுடுநீர் கிழக்கே வழிகிறது, மழைமேகமும் பின்னாலேயே போகிறது. இதுதான் எல் நினோ. காற்று வழக்கத்தைவிட வலுத்தால் லா நினா. இந்தியப் பெருங்கடலில் சூடான பகுதி வழக்கமாகக் கிழக்கே இருக்கும். சுமத்ரா, ஜாவா கரையோரம் தென்கிழக்குக் காற்று வலுத்து ஆழத்துக் குளிர்நீரை மேலே இழுத்துவிட்டால் நேர்மறை ஐஓடி தொடங்குகிறது.

வீச்சில் எல் நினோவுக்கு ஈடில்லை. 1998இல் பெருவின் செச்சுரா பாலைவனத்தில் பெரிய ஏரியே உருவானது. 2023இல் அந்நாடு அதன் முதல் நெத்திலி மீன்பிடிப் பருவத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு பனாமாவில் மழை பொய்த்ததால், நாளுக்கு 36 கப்பல்கள் கடக்கும் கால்வாயில் 2024 ஜனவரியில் 24தான் போக முடிந்தது. ஐஓடியின் எல்லை சிறியது, ஆனால் அடி பலமானது. 2019இன் பிற்பாதியில் பசிபிக் ஏறக்குறைய சமநிலையில்தான் இருந்தது. ஐஓடி மட்டும் வலுவான நேர்மறையில் இருந்தது. விளைவு, கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் வறட்சி, பிறகு அந்தக் கொடும் காட்டுத்தீ. ஜூனில் 33 சதவீதம் குறைந்திருந்த இந்தியப் பருவமழை 110 சதவீதத்தில் முடிந்தது.

அப்படியானால் ஐஓடிதான் நம்மைக் காக்கும் கடவுளா? எல் நினோ ஆண்டான 2015இலும் ஐஓடி நேர்மறைதான், மழை 86 சதவீதம்தான். இன்னும் பின்னால் போனால் 1877, தாது வருஷப் பஞ்ச காலம். அப்போது மிக வலுவான எல் நினோவோடு வலுவான நேர்மறை ஐஓடியும் இருந்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இதைக் கவனிக்காமல் ‘ஐஓடி இருக்கிறது, கவலை இல்லை’ என்று ஜூனிலேயே எழுதுபவர்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, ஆயுள். எல் நினோ ஆண்டின் நடுவில் வலுத்து டிசம்பரையொட்டி உச்சம் தொடும். லா நினா 2020 முதல் 2023 வரை மூன்று குளிர்காலம் நீடித்தது. ஐஓடி மே, ஜூனில் முளைத்து செப்டம்பர், அக்டோபரில் உச்சமடைந்து டிசம்பருக்குள் அடங்கிவிடும். அதனால் பசிபிக்கை அரை ஆண்டுக்கு முன்பே ஓரளவு கணிக்கலாம். மார்ச் முதல் மே வரை எடுக்கும் கணிப்புகள் மட்டும் அடிக்கடி தடுமாறும். ஐஓடியை அவ்வளவு முன்கூட்டிச் சொல்வது கடினம். 2023இல் அது செப்டம்பரில்தான் நன்றாகத் தலைதூக்கியது. அதற்குள் 1901க்குப் பிறகான மிக வறண்ட ஆகஸ்ட் கடந்து போயிருந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் கணக்கே தலைகீழ். தென்மேற்கைக் கெடுக்கும் எல் நினோ, வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் கை கொடுக்கும். 2015 அதற்குச் சாட்சி. 2016இல் எதிர்மறை ஐஓடி, கூடவே வலுக்குறைந்த லா நினா. வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து டெல்டா காய்ந்தது. சரி, வாய்ப்பாடு கிடைத்துவிட்டது என்று நினைத்தால் 2021 அதையும் கலைத்தது. லா நினா ஆண்டுதான், ஆனால் மழை 59 சதவீதம் கூடுதல்.

என்னைக் கேட்டால், ஏப்ரலில் பசிபிக்கைப் பாருங்கள், ஆனால் பாதிதான் நம்புங்கள். ஆகஸ்டில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சம்பாவுக்கு அணைநீரைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அப்போது கிடைக்கும் தகவல்தான் உருப்படியானது. 2015 டிசம்பர் 1இல் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டும் என்று எல் நினோவும் சொல்லவில்லை, ஐஓடியும் சொல்லவில்லை. அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.