இளவட்டக்கல் பார்த்த கண்ணுக்கு ‘ஃபிசிக்கல்: 100’

2023இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான தென்கொரிய உடல்வலிமைப் போட்டித் தொடரான ‘ஃபிசிக்கல்: 100’இன் முதல் பருவத்தை, பொங்கல்தோறும் இளைஞர்கள் தம் வலிமையைக் காட்ட இளவட்டக்கல் என்னும் கனத்த உருண்டைக் கல்லைத் தூக்குவதைக் கண்டு வளர்ந்த வள்ளியூர்ப் பக்கத்துக்காரனாகப் பார்த்தேன். நூறு பேரில் எஞ்சும் ஒருவருக்கு 30 கோடி வோன் பரிசு. தோற்றவரோ தம் உடலை அச்செடுத்து வார்த்த சிலையைத் தம் கையாலேயே சுத்தியலால் உடைத்துவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஏற்பாடு மனத்தை உலுக்குகிறது.

இருவர் ஆளுக்கொரு பெரும்பாறையை இறக்காமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தாங்கி நின்ற பகுதியே இப்பருவத்தின் உச்சம். எங்கள் ஊரில் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் எறிந்துவிட்டால் நொடிகளில் வேலை முடிந்துவிடும். இப்படித் தாங்கி நிற்பது வேறு வகை வலிமை. எடைப் பிரிவின்றி ஆண்களையும் பெண்களையும் மோதவிட்டது எனக்கு உவப்பாக இல்லை. இறுதிப் போட்டியை இடையில் நிறுத்தி மீண்டும் தொடர்ந்ததைத் திரையில் காட்டாமல் விட்டது அதைவிடப் பெரிய குறை.