சூப்பர் மாரியோ வேர்ல்டின் இசையை மாற்ற: பழைய எஞ்சினா, புது எஞ்சினா, எம்எஸ்யூ-1ஆ?

சூப்பர் மாரியோ வேர்ல்ட் என்ற வீடியோ கேமில் மாரியோ யோஷி என்ற டைனோசர் மேல் ஏறியதும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு ஒரு தாளம் சேர்ந்துகொள்ளும். இறங்கினால் அது மட்டும் நின்றுவிடும். நேரம் 100-க்குக் கீழே போனால் அதே பாட்டு வேகமெடுக்கும். 1990-இல் இதையெல்லாம் செய்தது ஒரு சின்ன புரோகிராம். அதைத்தான் இசை எஞ்சின் என்கிறோம். இந்த விளையாட்டின் இசையை மாற்ற மூன்று வழிகள் உண்டு. என் ஓட்டு எஞ்சினையே மாற்றுவதற்குத்தான். காரணம் அந்த யோஷி தாளம்.

இந்த விளையாட்டு ஓடும் கேம் கருவியான சூப்பர் நின்டெண்டோவின் ஒலிப் பகுதி சோனியில் இருந்த கென் குதராகி வடிவமைத்தது. எஸ்பிசி700 என்ற தனி பிராசசர், ஒரே நேரத்தில் ஒலிக்கும் 8 சேனல்கள், 64 கிலோபைட் தனி நினைவகம். முதன்மை பிராசசரோடு பேச அதற்கு இருப்பது 4 போர்ட்டுகள் மட்டுமே. எஞ்சின், பாட்டின் ஸ்வரங்கள், வாத்திய சாம்பிள்கள் (அதாவது வாத்திய ஒலியின் சிறு பதிவுகள்), எக்கோ எல்லாம் அந்த 64-க்குள் அடங்க வேண்டும். மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்த நெருக்கடிதான்.

முதல் வழி, எஞ்சினைத் தொடாமல் பாட்டின் தரவை மட்டும் மாற்றுவது. இதில் எதுவும் உடையாது. யோஷி தாளமும் அப்படியே வேலை செய்யும். ஆனால் விளையாட்டோடு வந்த வாத்தியங்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், பழைய பாட்டு இருந்த இடத்துக்குள்தான் புதுசும் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு மெட்டு போதும் என்றால் இது தாராளமாகப் போதும்.

எம்எஸ்யூ-1 இதற்கு நேர் எதிர். சூப்பர் நின்டெண்டோவைக் கணினியில் போலச் செய்யும் பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதிய நியர் உருவாக்கிய நீட்டிப்பு இது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலிப்பதிவை நேரடியாக ஓட்டும். நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும், ஆனால் 64 கிலோபைட் கவலையே கிடையாது. முழு ஆர்க்கெஸ்ட்ராவையே போடலாம். பாட்டுக்கு சேனல் தேவைப்படாததால் எட்டும் சத்த விளைவுகளுக்கே மிஞ்சும். கேட்க அருமையாகத்தான் இருக்கும். முதல் தடவை கேட்பவர்கள் அசந்துபோவதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் யோஷி மேல் ஏறிப் பாருங்கள். பதிவுக்கு அது தெரியாது. தாளம் வேண்டுமென்றால் தாளத்தோடு இன்னொரு பதிவு, வேகம் கூட வேண்டுமென்றால் மூன்றாவது பதிவு, அவற்றுக்கு இடையே பிசிறில்லாமல் தாவ முதன்மை பிராசசர் பக்கம் தனி புரோகிராம். போதாததற்கு, இதை ஆதரிக்கும் எமுலேட்டரோ எஸ்டி2எஸ்நெஸ் போன்ற கார்ட்ரிட்ஜோ இல்லாமல் ஓடாது.

நடுவில் இருப்பது ஆட்மியூசிக்-கே. மூல எஞ்சினை எடுத்துவிட்டு, விரிவாக்கிய எஞ்சினை அந்த இடத்தில் வைக்கும் கருவி. பாட்டைச் சாதாரண உரைக் கோப்பாகவே எழுதலாம்: ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து, நீளத்துக்கு ஓர் எண். சொந்த சாம்பிள்களைச் சேர்க்கலாம், ஒவ்வொரு வாத்தியமும் எப்படி எழுந்து எப்படித் தேய வேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். விளையாட்டும் பாட்டும் ஒன்றோடொன்று பேசுவது நிற்பதில்லை.

சிரமம் கணக்கில்தான். சூப்பர் நின்டெண்டோவின் சாம்பிள் வடிவத்தில் 16 ஒலிப்புள்ளிகள் 9 பைட்டில் அடங்கும். 32 கிலோஹெர்ட்ஸில் ஒரு விநாடி ஒலிக்கே 18,000 பைட் போய்விடும். நினைவகம் முழுவதையும் கொடுத்தாலும் நான்கு விநாடி தேறாது. அதனால் வயலினின் ஒரு துளியை வெட்டி, 16 புள்ளிகளின் மடங்கில் லூப் போட்டு, பாதியாக 16 கிலோஹெர்ட்ஸில் சேமிக்க வேண்டியிருக்கும். வெட்டு சரியாக விழாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். இந்த வேலையில் காது தீட்டப்படுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

எக்கோவுக்கும் அங்கேயே இடம் வேண்டும். 16 மில்லிவிநாடி தாமதத்துக்கு 2 கிலோபைட். உச்சமான 240-க்குப் போனால் 30 கிலோபைட், ஏறக்குறைய பாதி நினைவகம். எக்கோவின் இடத்தைத் தப்பாகக் குறித்துவிட்டால் அது எஞ்சினின் புரோகிராம் மேலேயே எழுதிவிடும், சத்தம் மொத்தமாக நின்றுபோகும். இசட்எஸ்நெஸ் போன்ற பழைய எமுலேட்டர்களில் இது தெரியவே தெரியாது. அவை எக்கோவை வேறு இடத்தில் வைத்துக்கொண்டன. அங்கே நன்றாகப் பாடிய பழைய மாற்றங்கள் பல, உண்மையான சூப்பர் நின்டெண்டோவில் வைத்ததும் செயலிழந்தன. எனவே இந்த வழியை எடுப்பவர்கள் முதல் பாட்டிலிருந்தே பிஎஸ்நெஸ் போன்ற துல்லியமான எமுலேட்டரில் சோதியுங்கள். எக்கோ தாமதத்தை 32 அல்லது 48 மில்லிவிநாடியில் தொடங்கி, சாம்பிள்கள் எல்லாம் ஏறிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டுங்கள்.