புது டிஸ்ட்ரிபியூட்டர் என்று சொல்லிப் பழையதையே கழுவி மாட்டினார்கள்: பழைய ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ‘ஸ்பார்க் வரவில்லை’ என்று சொல்லியே ஒரு கராஜில் என்னிடம் 1,650 திர்ஹாம் வாங்கிவிட்டார்கள். உண்மையில் கெட்டிருந்தது தலைமுடி கனத்தில் ஒரு வயர்.

என்னுடையது 1994 மாடல், 22ஆர் இன்ஜின், கார்புரேட்டர் வண்டி. ஏசி மெயின்டனன்ஸ் வேலைக்கான ஏணி, கேஸ் சிலிண்டர், டூல்ஸ் எல்லாம் அதில்தான் போகும். வண்டி நின்றால் பிழைப்பே நின்றுவிடும். அந்த அவசரம் கராஜ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை வெயிலில் சிக்னலில் நின்றுபோனது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. ரிக்கவரி வண்டியில் ஏற்றி கராஜில் இறக்கினேன். அங்கிருந்தவர் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜினில் வைத்துப் பார்த்து, ஸ்பார்க் இல்லை என்றார். அதுவரை சரி. ஆனால் அடுத்த பேச்சே, “டிஸ்ட்ரிபியூட்டர், காயில், இக்னைட்டர் மூணும் போச்சு.” காயில் ஸ்பார்க்குக்கான ஹை வோல்டேஜை உண்டாக்குவது, இக்னைட்டர் காயிலின் கரண்டை விட்டுவிட்டு நிறுத்துவது, டிஸ்ட்ரிபியூட்டர் அந்த ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் லேம்பைக்கூட அவர் கையில் எடுக்கவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் போவது மிக அபூர்வம். பழைய பார்ட்ஸைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றார். பில்லில் ‘இக்னிஷன் ரிப்பேர்’ என்று ஒரே வரி.

கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடி நின்றது. இந்த முறை, “டைமிங் செயின் அறுந்துடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்” என்று இன்னும் 1,800 கேட்டார்கள். 22ஆரில் செயின் தொய்வதும் அதன் பிளாஸ்டிக் கைடு உடைவதும் உண்மையில் நடப்பதுதான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. நான் பணம் தராமல் வண்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் தனியாக எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறார், அவரிடம் போனேன். முதலில் காயிலின் நடு வயரைக் கழற்றி கிரவுண்டில் சேர்த்துக் கட்டினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, “சாவியைத் திருப்புங்க தம்பி” என்றார். உள்ளே இருக்கும் ரோட்டர் என்ற சுழலும் பாகம் சுற்றியது. 22ஆரில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், அதைச் சுற்றுவது டைமிங் செயின். செயின் அறுந்திருந்தால் ரோட்டர் அசையவே அசையாது. 1,800 திர்ஹாம் வேலை அங்கேயே பொய் என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் சாவியை ஆன் செய்து காயிலின் பாசிட்டிவில் டெஸ்ட் லேம்பை வைத்தார். எரிந்தது, கரண்ட் வருகிறது. நெகட்டிவில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். லேம்ப் விட்டுவிட்டு மின்ன வேண்டும், மின்னவில்லை. மின்னியிருந்தால் காயில், மூடி, ரோட்டர், பிளக் வயர் பக்கம் தேடலாம். மின்னாததால் இக்னைட்டர், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து அதற்கு சிக்னல் அனுப்பும் பிக்கப் காயில், அல்லது நடுவிலுள்ள வயர். பிக்கப் காயிலில் மீட்டரை வைத்தார், தொடர்பே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே பிக்கப் காயில் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர்ந்ததும் மீட்டர் 150 ஓம் பக்கம் காட்டியது, விட்டதும் மறுபடி போய்விட்டது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் அந்தத் தட்டு அசைகிறது. கூடவே வளைந்து வளைந்து, வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது.

“புது டிஸ்ட்ரிபியூட்டர்ல எப்படி அண்ணாச்சி அறும்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெளிப்பக்கத்துக் கறுப்பு பெயிண்டைச் சுரண்டினார். டைமிங் மாறாமல் மாட்டுவதற்காக முன்பு ஒரு மெக்கானிக் உளியால் போட்ட கோடு அடியில் அப்படியே இருந்தது. இன்ஜின் பக்கத்துக் கோட்டோடு நேராக நின்றது. என் பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே கழுவி பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். கழுவியபோது அறுந்த முனைகள் ஒட்டிக்கொண்டதால் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. அதைவிட வயிற்றெரிச்சல், நன்றாக இருந்த என் ஒரிஜினல் டென்சோ இக்னைட்டரைக் காணவில்லை. அந்த இடத்தில் பெயரில்லாத ஒரு காப்பி.

அண்ணாச்சி வளையக்கூடிய புது வயர் வைத்துப் பற்றவைத்தார், பித்தளை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, பிக்கப் காயிலுக்கும் அதன் முன் சுற்றும் பல்லுக்கும் நடுவே இடைவெளி 0.2 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பார்த்தார். கூலி 60 திர்ஹாம். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது.

வண்டியை எந்த கராஜில் விட்டாலும் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், இக்னைட்டர் மூன்றிலும் மறைவாக ஒரு அடையாளம் போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பார்ட்ஸ் கைக்கு வரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். விவரமான பில்லும் கேளுங்கள். அமீரகத்தின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 15, பொருளுக்கு மட்டுமல்ல, இந்த மாதிரி சேவைக்கும் பொருந்தும்.

அந்தக் கோட்டின் போட்டோவையும் பில்லையும் வைத்து ஷார்ஜா பொருளாதார மேம்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். 600 திர்ஹாம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கு என்று கராஜ்காரர் போன் செய்கிறார். முழுப் பணமும் என் இக்னைட்டரும் வராமல் வாபஸ் வாங்கப் போவதில்லை.