ஊருணிக் கரை வீட்டுக்கு எந்தத் தடுப்பு? சுவர், கல், கயிற்று விரிப்பு, வெட்டிவேர்: நாங்கள் காசு போட்டுப் பார்த்தது

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. முன்வாசல் ஒரு தெரு, பின்கட்டுக் கதவைத் திறந்தால் 25 அடியில் ஊருணி, அதாவது ஊர்ப் பொதுக்குளம். 2021 ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மழையில் பின்பக்கக் கரை 4 அடி அகலத்துக்குப் பெயர்ந்து, அப்பத்தா காலத்துத் துவைகல்லோடு தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் இரண்டு வருஷத்தில் ஐந்து விதமான தடுப்புக்கு விலை கேட்டோம், நான்குக்குக் காசு போட்டோம், அதில் ஒன்று மொத்தமாக வீண். ஊருணி, கண்மாய், ஆற்றங்கரை என்று தண்ணீர் ஓரம் வீடு வைத்திருப்பவர்கள் எங்களைப் போல முதலில் தப்பானதில் காசைப் போடக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் போட்டது கான்கிரீட் சுவர். 110 அடி நீளம், 7 அடி உயரம், 4,60,000 ரூபாய். வேலை எடுத்தவர் பெயர் வேண்டாம். பார்க்க அவ்வளவு பலமாக இருந்தது, அப்பச்சிக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷம். 2022 மழையில், ஊருணி இன்னும் கால்வாசி கூட நிறையாத நேரத்தில், நடுவில் 30 அடி நீளம் ஊருணிப் பக்கமாகச் சாய்ந்தது. அதுவரை ஊருணித் தண்ணீர் சுவரைத் தொடவே இல்லை, பிறகு எப்படிச் சாய்ந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. வேலை எடுத்தவர் மண் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் போனை எடுக்கவில்லை.

ஊர்க் கொத்தனார் ஒருவர், எழுபது வயது இருக்கும், மழை விடாத ஒரு நாள் காலையில் குடையோடு வந்து பின்பக்கம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஆத்தாவைக் கூப்பிட்டு, “ஆச்சி, உள்ளே இருக்கிற தண்ணி வெளியே வர ஒரு ஓட்டை கூட விடலையே, அதுதான் சுவரைத் தள்ளுது” என்றார். விஷயம் அவ்வளவுதான். செட்டிநாட்டு வீடுகளில் கூரை உள்பக்கம் சரிந்து, மழைத் தண்ணீர் முழுக்க வளவு என்கிற நடு முற்றத்தில் விழுந்து, கல் வாய்க்கால் வழியாக வெளியே போகும். எங்கள் வாய்க்கால் ஊருணிக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்கட்டில் குளியலறை கட்டியபோது அதன் கடைசி 15 அடியை நாங்களே டைல்ஸ் போட்டு மூடியிருக்கிறோம். கூரைத் தண்ணீர் முழுக்க அங்கே மண்ணுக்குள் இறங்கி, சுவருக்குப் பின்னால் தேங்கி நின்றிருக்கிறது. ஊருணி நிறைந்திருந்தால் அந்தப் பக்கத் தண்ணீராவது சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கும். அதுவும் இல்லாமல் ஊறிய மண்ணின் பாரமும் தண்ணீரின் அழுத்தமும் ஒரே பக்கமிருந்து தள்ளியிருக்கின்றன. 2021இல் கரை போனதற்கும் காரணம் இதுதான், அலையும் இல்லை, ஊருணித் தண்ணீரும் இல்லை.

அதனால் எந்தப் பொருளை வாங்குவதற்கும் முன்னால், நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று பாருங்கள். மண்ணைத் தின்கிற தண்ணீர் வெளியிலிருந்து வருகிறதா, உங்கள் வீட்டிலிருந்தே வருகிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். இதற்குக் காசு கிடையாது. எங்கள் 4,60,000 ரூபாயைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே வேலை இது.

சுவரால் இன்னொரு கேடும் வந்தது. அது முடிகிற இடத்தில், பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் கரை ஒரே மழைக்காலத்தில் உள்வாங்கி, அவருடைய தென்னை மர வேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் இருந்து வருகிற தண்ணீர் எங்கள் சுவரை ஒட்டியே ஓடி, சுவர் முடிகிற மூலையில் சுழித்துத் தோண்டியிருக்கிறது. கடற்கரையில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கட்டிய பிறகு அதற்கு வடக்கே இருந்த மணல் கடற்கரை அரித்துப் போனது, கரையைக் காக்கக் கல் கொட்டக் கொட்ட அரிப்பு இன்னும் வடக்கே மீனவக் குப்பங்களுக்கு நகர்ந்தது. தடுப்பு போடுகிறவர்கள் அது முடிகிற முனையை என்ன செய்யப்போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அந்த முனைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நமக்கு உறவுக்காரர்.

அதோடு, அந்தச் சுவர் ஊருணிக்குள் 2 அடி போயிருந்தது. ஊராட்சித் தலைவர் நேரில் வந்து சொன்ன பிறகுதான் சர்வேயரை வைத்து அளந்தோம். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கல் நடுவதற்கு முன் அளந்து எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊராட்சியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது தடவை என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன். 2023 சித்திரையில் ஊருணி வற்றியதும் சுவரை உடைத்து எடுத்தோம். மூடியிருந்த வாய்க்காலைத் திறந்து, இரண்டு 6 அங்குலக் குழாய் வைத்து, கரையின் சரிவில் கருங்கல் படி போல அடுக்கி, தண்ணீர் வேகம் குறைந்து படிப்படியாக ஊருணிக்குள் இறங்கும்படி விட்டோம். இதுதான் முதல் வேலை. மீதி எல்லாம் இதற்கு அப்புறம்.

பிறகு கரையைச் சரிவாக வெட்டினோம், 2 அடி நகர்ந்தால் 1 அடி இறங்குகிற மாதிரி. இதில் பின்பக்க இடத்தில் 9 அடி போய்விட்டது. அப்பச்சிக்கு மனசே வரவில்லை, இரண்டு வாரம் பேச்சு வார்த்தை நடந்தது. செங்குத்துச் சுவர் இடத்தை மிச்சம் பிடிக்கும், சரிவு இடத்தைக் கேட்கும், இது உண்மையான இழப்புத்தான், அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் 9 அடி கொடுத்ததால் கரை தானாகவே நிற்கிறது, எதுவும் அதைப் பிடித்துத் தாங்க வேண்டியதில்லை.

சரிவின் அடியில் இரண்டரை அடி உயரத்துக்குச் செம்பூராங்கல் (லேட்டரைட்) அடுக்கு. நம் பக்கத்துப் பழைய ஊருணிகளின் கரையும் படித்துறையும் இந்தக் கல்தான். வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட இறுகிவிடும். கொத்தனார் சிமெண்ட் பூசாமல் கல்லோடு கல் கவ்வும்படி உள்பக்கம் சாய்த்து அடுக்கினார், முதல் வரிசையைத் தரைமட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே புதைத்தார். கல்லுக்குப் பின்னால், தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி, அதற்கு முன்னால் சல்லி. இந்தத் துணியை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் இடுக்கு வழியாக வரும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும், கல் அப்படியே இருக்கும், பின்னால் குழி விழும். இரண்டு முனையையும் சட்டென்று நிறுத்தாமல் கரைக்குள் வளைத்துப் புதைத்தார், பெரியப்பா பக்கம் 12 அடி கூடுதலாகவே போட்டுக் கொடுத்தோம். இந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பேன். கூலி அதிகம்தான், ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்த வேலை அது.

கல்லுக்கு மேலே வெறும் மண் சரிவு. அதற்குத் தென்னை நார்க் கயிற்று விரிப்பு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆலையில் வாங்கினோம். மீன் வலை மாதிரிக் கண்கண்ணாகப் பின்னிய கயிறு, சுருள் சுருளாக வரும். சதுர மீட்டருக்கு 400 கிராம், 700 கிராம், 900 கிராம் என்று எடையில் விற்கிறார்கள். எங்கள் சரிவுக்கு 700 கேட்டிருந்தோம். வந்திறங்கியதில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 410 கிராம். போன் செய்ததும் மறுபேச்சு இல்லாமல் மாற்றி அனுப்பினார்கள், அதற்கு நன்றி. ஆனால் எடை போட்டுப் பார்க்காமல் விரித்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. 130 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 75 ரூபாய்.

விரிக்கும்போது இழுத்து விறைப்பாகக் கட்டக்கூடாது, மண்ணோடு படிந்து கிடக்க வேண்டும். எங்கள் ஆட்கள் முதல் சுருளைக் கொடியில் போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக இழுத்து முளையடித்தார்கள், அடியில் கையை விடலாம் போல இடைவெளி, அந்த இடைவெளியில்தான் மழைத் தண்ணீர் ஓடி மண்ணை அறுக்கும். பிரித்து மறுபடி போட்டோம். மேல் விளிம்பை ஒரு அடி ஆழப் பள்ளத்தில் மடித்துப் புதைக்க வேண்டும், சுருளுக்குச் சுருள் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இந்தக் கயிறு இரண்டு மூன்று வருஷத்தில் மட்கிவிடும். அது குறை இல்லை, அதற்குள் செடி வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. சணல் விரிப்பு விலை குறைவு என்றார்கள், ஆனால் அது கயிற்றுக்கு முன்னாலேயே மட்கிவிடும், வெட்டிவேர் வேர் விடும் வரை தாங்குமா என்று பயந்து வாங்கவில்லை. விரிப்புக்கு ஐந்துக்கு நாலு.

அந்த விரிப்பின் கண்களுக்குள் நட்டதுதான் வெட்டிவேர். மொத்தத்தில் நான் அதிகம் சந்தேகப்பட்டது இதைத்தான், இன்றைக்கு அதிகம் நம்புவதும் இதைத்தான். பானைத் தண்ணீரில் போடுகிற அதே வெட்டிவேர்தான். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், நல்ல மண்ணில் சில வருஷத்தில் 3 மீட்டர் வரைகூடப் போகும், அதனால் பக்கத்துத் தோட்டத்துச் செடியோடு சண்டைக்குப் போகாது. நடவுக்கு வைத்திருக்கிற வகை விதை போட்டுப் பரவுவதும் இல்லை. கடலூர்ப் பக்கம் மணல் பாங்கான நிலத்தில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள், அங்கிருந்து 1,500 நாற்று வரவழைத்தோம், ஒன்று 4 ரூபாய். சரிவுக்குக் குறுக்காக, மட்டம் பிசகாமல் ஐந்து வரிசை, நாற்றுக்கு நாற்று ஒரு கையகலம். நெருக்கமாக வைத்தால்தான் வேலி மாதிரி சேர்ந்து மண்ணை மறிக்கும், அங்கொன்று இங்கொன்றாக வைத்தால் இடையில் தண்ணீர் வாய்க்கால் போட்டுவிடும்.

ஆவணியில் நட்டோம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்க வேண்டும் என்பதால் இதற்கு மேல் தள்ளிப்போடக்கூடாது. முதல் மூன்று வாரம் தினமும் தண்ணீர் ஊற்றினோம், ஆத்தாவும் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவும் குடத்தில் சுமந்து ஊற்றியதுதான். மூன்றாவது வாரத்தில் ஆடு ஒரு மூலையை மேய்ந்துவிட்டது, முள் வேலி போட்டோம். முதல் மழைக்கு அது முழங்கால் உயரம் கூட இல்லை, நான் தூங்கவில்லை. அந்த வருஷம் பிழைத்ததே கயிற்று விரிப்பால்தான். அடுத்த வருஷம், 2024 கார்த்திகையில், பிடுங்கிப் பார்க்கலாம் என்று ஒரு தூரைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. நிழல் ஆகாது. மேற்கு மூலையில் அரசமரத்துக்குக் கீழே நட்ட ஏறக்குறைய 200 நாற்றும் சோகை பிடித்து நின்றுவிட்டன. மர நிழல் இருக்கிற கரைக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒன்றரை அடி விட்டு மேலே அறுக்க வேண்டும், அறுத்ததை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறோம். வாசனை வேருக்கு நல்ல விலை கிடைக்கும், தோண்டி விற்கலாமே என்று சொல்வார்கள். தோண்டினால் கரையும் சேர்ந்து வந்துவிடும். ஐந்துக்கு நாலரை.

விலை மட்டும் கேட்டு, வாங்காமல் விட்டது கேபியன், அதாவது கல் நிரப்பிய கம்பி வலைக் கூடை. கெட்ட பொருள் இல்லை. வளையும், தண்ணீரை உள்ளே விடும், சின்ன அசைவைத் தாங்கும். தேவகோட்டைப் பக்கம் மணிமுத்தாற்றங்கரையில் தோப்பு வைத்திருக்கிற சித்தப்பாவுக்கு நான் இதைத்தான் சொன்னேன், மழைக்காலத்தில் ஆறு திடீரென்று வேகமாக வருகிற வளைவுக்கு வெட்டிவேர் மட்டும் போதாது. கம்பி துத்தநாகம் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டதாக இருக்க வேண்டும், கல் வலைக்கண்ணை விடப் பெரிதாக இருக்க வேண்டும். நிற்கிற தண்ணீருள்ள ஊருணிக்கு அது தேவைக்கு மேல், அதனால் விட்டுவிட்டோம். மணல் மூட்டை, அவசரத்துக்கு ஒரு மழைக்கு மட்டும். 2021இல் நாங்கள் அடுக்கிய பிளாஸ்டிக் சாக்கு அடுத்த சித்திரை வெயிலில் தொட்டால் உதிர்ந்தது, அந்தத் துணுக்கை இன்னும் ஊருணியில் பொறுக்குகிறோம்.

சரிவுக்குக் கொடுக்க இடமே இல்லை, வீட்டுச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் 5 அடிதான் என்றால் சுவர்தான் கட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் மூன்று விஷயத்தை எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள்: ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாவது 3 அங்குல வடிகுழாய், சுவருக்குப் பின்னால் முழு உயரத்துக்கும் சல்லி வடிகட்டி, தண்ணீர் அடியில் மண்ணை அரித்தாலும் வெளியே தெரியாத ஆழத்தில் அஸ்திவாரம். இதை அமைப்புப் பொறியாளர் (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்) ஒருவரிடம் காட்டி வரைபடம் வாங்கியே செய்யுங்கள், அந்தக் கட்டணம் சுவரின் விலையில் சின்னத் துண்டு.

எங்களுக்கு இரண்டாவது வேலை முழுக்க, சுவரை உடைத்த கூலியும் சேர்த்து, 2,35,000 ரூபாய் ஆனது. 2023, 2024 இரண்டு மழைக்கும் கரை நின்றது. அரசமரத்து மூலையில் மட்டும் அரை அடி அரித்திருக்கிறது, வருகிற சித்திரையில் அங்கே செம்பூராங்கல் அடுக்கைச் சரிவு முழுவதும் ஏற்றக் கொத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறோம். மேல் விளிம்பில் 40 பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம், 31 முளைத்து ஓலை விட்டிருக்கின்றன. மழைக்காலம் முழுக்க அப்பச்சி காலையில் காபி குடித்ததும் பின்பக்கம் போய் அந்த இரண்டு குழாய் வாயிலும் அடைத்திருக்கிற சருகை எடுத்துவிட்டு வருகிறார்.