ஜிகேம்ப்6எஸ்: கால்சியத்தை ஒளியாகக் காட்டும் புரத உணரி

செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜிகேம்ப்6எஸ் என்ற வடிவமைக்கப்பட்ட புரதத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் கால்சியத்தின் அளவை எண்ணாகச் சொல்ல வேண்டியவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இயற்கையில் இப்படியொரு புரதம் கிடையாது. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தை வெட்டி, பழைய முனைகளை ஒன்றோடொன்று இணைத்து, வெட்டியதால் பிறந்த புதிய முனைகளில் ஒன்றில் எம்13 என்ற சிறு பெப்டைடையும் மற்றதில் கால்சியத்தைப் பற்றும் புரதமான கால்மோடுலினையும் பொருத்தியிருக்கிறார்கள். கால்சியத்தைப் பற்றிய கால்மோடுலின் எம்13-ஐச் சுற்றி இறுகும்போது, வெட்டுவாய் அடைபட்டு ஒளிமையம் நீரிலிருந்து மறைக்கப்படுவதால், மங்கிக் கிடந்த பச்சை பிரகாசமாகிறது. 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முதல் வடிவத்தைவிட இது பல மடங்கு மேம்பட்டது. 2013-இல் வெளிவந்த இந்த ஆறாம் தலைமுறைக்காக, அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தினர் 400-க்கும் மேற்பட்ட மாற்று வடிவங்களை நியூரான்கள் எனும் நரம்பு செல்களிலேயே சோதித்தார்கள்.

எங்களுக்கு இந்தப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட், அகர் குழாயில் குத்திய பாக்டீரியாவாக வந்தது. கனமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் இழுத்து வளர்த்து, பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித செல்களான ஹீலா செல்களில் செலுத்தினோம். இரண்டாம் நாள் 488 நானோமீட்டர் ஒளியில் பார்த்தபோது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும் அளவுக்கே பச்சை தெரிந்தது. செல்லுக்குள் கால்சியத்தை எழுப்பும் ஹிஸ்டமினைச் சொட்டியதும் ஒரு செல் பளிச்சிட்டு அடங்கி, மீண்டும் பளிச்சிட்டது. பக்கத்துச் செல் தனக்கென்று வேறொரு தாளத்தில் துடித்தது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது. ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டிய, ஏற்றிய பின் மெல்லக் கசிந்துவிடும் ஃபியூரா-2 என்ற கால்சியம் காட்டும் சாயத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த வசதியின் அருமை புரியும்.

குறைகளும் உண்டு. ஃபியூரா-2 இரு அலைநீளங்களின் விகிதத்தைத் தருவதால் அளவைக் கணக்கிட முடிகிறது. இங்கே ஒரே பச்சைதான், அதுவும் அமிலத்தன்மை மாறினால் தானும் மாறும். நியூரான்களில் மிகையாக உற்பத்தியாகிக் செல்லின் உட்கருவுக்குள்ளும் பச்சை நிரம்பிவிட்டால், அந்தச் செல்கள் இயல்பாக நடந்துகொள்வதில்லை; அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். தவிர, 'எஸ்' வகை நுண்ணுணர்வு மிக்கது என்றாலும் மெதுவாகவே அணையும். அடுத்தடுத்து வரும் நரம்புத் துடிப்புகளைப் பிரித்தறிய வேண்டுமானால் இதே தலைமுறையின் வேகமான வகையான 6எஃப் அல்லது 2023-இல் வந்த எட்டாம் தலைமுறையை வாங்குங்கள்.