தாழ்வார மிளகாய்ச் செடிக்குச் சொட்டுநீரா, திரித்தொட்டியா?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினாலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் தாழ்வாரத் தொட்டிக்குப் பெரும்பாலும் காற்றும் வெயிலும்தான் கிடைக்கும். அதனால் உப்புப் படியும் வறண்ட கரையோர வயலைப் போலவே, இங்கும் நீரையும் உப்பையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

சொட்டுநீரில் அளவு நம் கையில் இருக்கும். மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானை (குழாயில் நீர் சொட்டும் சிறு முனை) 15 நிமிடம் ஓடவிட்டால் அரை லிட்டர். அடித்தட்டில் நீர் வடிந்தால் அதை ஏழெட்டு நிமிடமாகப் பிரித்து இரு வேளை விடுங்கள். காய்ந்துபோன தென்னைநார்த் தூள் நீரை உறிஞ்சாமல் ஓரமாக வழியவிடும். முதலில் கையால் ஊறவைக்க வேண்டும். குழாய் கறுப்பாக இருக்கட்டும். ஒளி புகும் குழாயில் பாசி பிடித்துத் துளை அடைத்துக்கொள்ளும்.

திரித்தொட்டியில் அடியிலுள்ள தேக்கத்து நீரை ஒரு திரி மண்ணுக்கு ஏற்றும். மின்சாரமோ குழாயோ வேண்டாம். பருத்தித் திரி மக்கிவிடும், பாலியெஸ்டர் கயிறு போடுங்கள். நாற்று வேர் இறங்கும்வரை மேலேயும் நீர் ஊற்ற வேண்டும். அடிநீர்த் தேக்கத்தின் ஒவ்வொரு துளைக்கும் நுண்வலை கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடக் கொஞ்சம் நீரே போதும்.

உப்பு விஷயத்தில்தான் இரண்டும் வேறுபடும். திரியில் நீர் மேலேறி ஆவியாவதால் உர உப்பு மண்ணின் மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை, தேக்கத்தைக் காலி செய்துவிட்டு, மேலிருந்து ஊற்றிக் கழுவி வடித்துவிடுங்கள். சொட்டுநீரில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். உவர்நிலத்தில் தூறல் அதை வேருக்கே திருப்பித் தள்ளுவதால்தான், மழையிலும் சொட்டுநீரை நிறுத்தாதே என்பார்கள்.

நாலைந்து தொட்டிதான் என்றால் திரியே மேல். பத்தைத் தாண்டினால் சொட்டுநீர்.